நுண்கோளங்களின் அளவும் நிறுத்த வேண்டிய இடமும்

உடலைக் கீறித் திறக்காமல், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகக் கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, நோயுற்ற பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டத்தை உள்ளிருந்தே அடைக்கும் எம்போலைசேஷன் சிகிச்சையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இத்தகைய சிகிச்சைகளைச் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜித் துறையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், அடைப்பதற்கான துகள் என்றாலே பிவிஏ துகள்கள்தாம்; நுண்கோளங்கள் எனப்படும், அளவு வரையறுக்கப்பட்ட மிகச் சிறிய உருண்டைகளை என் ஆசிரியர்கள் விலை கருதி அரிதாகவே எடுப்பார்கள். பின்னர் தென் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் தனியாகப் பொறுப்பேற்றபோது, நுண்கோளங்கள் படிப்படியாக என் வழக்கமான பொருளாயின. இரண்டின் உறையிலும் ஒரே எண் அச்சிடப்பட்டிருக்கும், 500 முதல் 700 மைக்ரான் என்று (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). தமனிக்குள் போன பின் அவை நடந்துகொள்ளும் விதம் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை. பிவிஏயில் பழகிய கை நுண்கோளங்களை எடுக்கும்போது, அளவைத் தேர்வதையும் எங்கே நிறுத்துவது என்பதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறைக்குள் வரும் இளம் மருத்துவர்களுக்கும், இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் மேசையருகே நிற்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில், அப்படிக் கற்றவற்றை எழுதுகிறேன்.

பிவிஏ என்பது பாலிவினைல் ஆல்கஹால். அதை எம்போலைசேஷனுக்குப் பயன்படுத்தலாம் என்று 1975இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து தாடவர்த்தி, மோலர், ஆம்ப்ளாட்ஸ் ஆகிய மூவரும் எழுதினார்கள். நுரைபோன்ற அந்தப் பொருளைத் துருவி, சல்லடைகளில் சலித்து, அளவு பிரித்துத் தருகிறார்கள். சலிக்கும்போது துகளின் குறுகிய பக்கம்தான் கணக்கில் வருகிறது. நீளப் பக்கம் எவ்வளவு இருந்தாலும் துகள் நெட்டுக்குத்தாக நழுவிக் கீழே விழுந்துவிடும். ஓரங்கள் ஒழுங்கற்றவை என்பதால் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரள்கின்றன. அப்படித் திரண்டவை, உறையில் உள்ள எண்ணைவிடப் பெரிய தமனியிலேயே தங்கிவிடும். நோயுற்ற திசுவை எட்டுவதற்கு முன்பே வழி அடைபட்டு, திரையில் ஓட்டம் நின்றுவிட்டதாகத் தெரியும். நாளடைவில் பக்கக் கிளைகள் வழியாக அதே இடத்திற்கு மீண்டும் இரத்தம் வந்து சேரும்.

நுண்கோளங்கள் இந்தக் குறையைப் போக்க வந்தவை. பிரான்சில் அலெக்சாந்தர் லோரான் குழுவினர் உருவாக்கிய டிரிஸ்-அக்ரில் ஜெலட்டின் கோளங்களைப் பற்றிய ஆய்வுகள் 1996இல் வெளியாயின. எம்போஸ்பியர் என்ற பெயரில் அவை பின்னர் சந்தைக்கு வந்தன. 40 முதல் 120 மைக்ரானில் தொடங்கி 900 முதல் 1200 மைக்ரான் வரை அவற்றில் அளவுகள் உண்டு. உருண்டை வடிவம், வழுவழுப்பான மேற்பரப்பு, அமுக்கினால் சுருங்கிப் பின் பழைய வடிவத்திற்கே திரும்பும் தன்மை ஆகியவற்றால் இவை திரளாமல், ஓட்டம் இழுத்துச் செல்லும் இடத்திற்கெல்லாம் போய், தம் விட்டத்திற்கு ஒத்த தமனியில்தான் நிற்கின்றன. ஆகவே, உறையில் ஒரே எண் இருந்தாலும் நுண்கோளம் பிவிஏ துகளைவிட ஆழமாகச் செல்லும். பிவிஏயில் 300 முதல் 500 வரை எடுத்துப் பழகியவர், நுண்கோளத்திலும் அதே எண்ணைக் கேட்டு வாங்கினால், தான் எண்ணியதைவிடக் கீழே உள்ள கிளைகளை அடைப்பார். நான் என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்வது, பிவிஏயிலிருந்து மாறும்போது பொதுவாக ஒரு படி பெரிய அளவிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள் என்பதுதான்.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் எதை அடைக்க வேண்டும் என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்தோம். நுண்கோளம் சொன்ன இடத்திற்குப் போகும் பொருள் என்பதால், எதை அடைக்கக் கூடாது என்ற கேள்விதான் இதில் முந்த வேண்டும். அந்தத் தமனிப் பரப்பில் காப்பாற்ற வேண்டிய கிளை எது, அதற்குப் போகும் இணைப்பு எவ்வளவு அகலம் என்று தெரிந்தால், அளவு ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

கர்ப்பப்பை நார்க்கட்டிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாரிஸில் ழாக் ரவினா குழுவினர் அறுவை சிகிச்சையின்போது இரத்தப்போக்கைக் குறைப்பதற்காகக் கர்ப்பப்பைத் தமனிகளை முன்கூட்டியே அடைத்தார்கள். சில பெண்களுக்கு அதிலேயே தொல்லைகள் குறைந்து அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போயிற்று. 1995இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்கள் அதை வெளியிட்ட பின்னரே இது தனிச் சிகிச்சையாக உலகெங்கும் பரவியது. நார்க்கட்டியைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் தமனிகள் நோயினால் பெருத்து 500 மைக்ரானைத் தாண்டியிருக்கும். நலமான கர்ப்பப்பைத் தசைக்குள் போகும் கிளைகள் அவற்றைவிடச் சிறியவை. கர்ப்பப்பைத் தமனிக்கும் சினைப்பைத் தமனிக்கும் இடையிலான இணைப்புகளும் பெரும்பாலும் 500 மைக்ரானுக்குள் அடங்கும். ஆகவே 500 முதல் 700 மைக்ரான் கோளங்களில் தொடங்கினால், அவை பெருத்த தமனிகளை நாடிப் போகும். சிறிய கிளைகளும் சினைப்பைக்கான இணைப்பும் ஓரளவு தப்பும். கட்டி பெரிதாக இருந்து, எவ்வளவு செலுத்தினாலும் ஓட்டம் குறையவில்லை என்றால் 700 முதல் 900க்கு மாறுகிறேன். அந்த நிலையிலும் சிறிய அளவுக்கு இறங்குவதில்லை.

ஆலோசனை அறையில் இந்தக் கணக்கு வேறு வடிவில் வந்து நிற்கும். நாற்பதைக் கடந்த ஒரு பெண், தன் எம்ஆர்ஐ படங்களை மடியில் வைத்துக்கொண்டு, "கர்ப்பப்பைய எடுக்காம செய்யறது சரி டாக்டர், சினைப்பைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். "ஆகவே ஆகாதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. அந்த வழியா கோளம் போயிடாத அளவுலதான் எடுப்போம். ஆனா நாற்பத்தஞ்சைத் தாண்டினவங்களுக்கு மாதவிலக்கு சீக்கிரமே நின்னுபோற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்" என்றேன். அவருடைய வயதில் அந்த அபாயம் சிறியதாக இருந்தாலும், முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான் என்பதால் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைப் பேற்றை இனிமேல்தான் திட்டமிடுபவர்களிடம் இந்த உரையாடல் இன்னும் நீளும். கட்டியை மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை அவர்களுக்குப் பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவருடன் கலந்து பேசாமல் நான் மேசைக்கு அழைத்துச் செல்வதில்லை.

ஒப்புதல் பெறும்போது கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. டிரிஸ்-அக்ரில் கோளங்களில் உள்ள ஜெலட்டின் பன்றியிலிருந்து பெறப்படுவது. ஜெலட்டின், கொலாஜன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம் என்பது ஒருபுறம். சமய நம்பிக்கை காரணமாக இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகள் நம் ஊரில் ஏராளம் என்பது மறுபுறம். ஜெலட்டின் இல்லாத கோளங்களும் கிடைக்கின்றன. இதைக் கேட்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கோளம் என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது. 2005இல் ஜேம்ஸ் ஸ்பைஸ் குழுவினர் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், பிவிஏயினாலேயே செய்யப்பட்ட கோளங்களைப் பெற்ற பெண்களிடம் நார்க்கட்டி போதிய அளவு செயலிழக்கவில்லை என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உருண்டை வடிவமும் ஒரே எண்ணும் இருந்தாலும், பொருளின் மென்மையும் அது அமுங்கும் அளவும் மாறினால் விளைவும் மாறிவிடுகிறது. விற்பனைப் பிரதிநிதி புதிய பெயரில் ஒன்றைக் கொண்டுவந்து "அதே சைஸ்தான் சார்" என்று சொன்னால், அதே நோய்க்கு அதே பொருளைக் கொண்டு செய்த ஆய்வு என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே வாங்குகிறேன்.

இனி மேசையின் மேல் நடப்பதற்கு வருகிறேன். பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் கலவைத் தயாரிப்புதான் என் அனுபவத்தில் பாதி வேலை. நுண்கோளங்கள் சலைன் என்னும் உப்புநீரில் ஊறிய நிலையில், 1 அல்லது 2 மில்லிலிட்டர் அளவில் வருகின்றன. கோளங்கள் எக்ஸ்ரே திரையில் தெரியாதவை. நாம் பார்ப்பது அவற்றோடு கலந்த, எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவத்தை மட்டுமே. கோளங்கள் கான்ட்ராஸ்டில் ஒரே சீராகப் பரவியிருந்தால்தான், திரையில் பார்க்கும் கறுப்பு எங்கே போகிறதோ அங்கே கோளங்களும் போகின்றன என்று நம்ப முடியும். சலைன் மிகுந்தால் கோளங்கள் பாயசத்தில் ஜவ்வரிசி படிவதைப் போல் அடியில் படிந்துவிடும். கான்ட்ராஸ்ட் மிகுந்தால் மேலே மிதக்கும். நான் பாதிக்குப் பாதி என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கான்ட்ராஸ்டைச் சற்றுக் கூட்டுகிறேன். கலந்த உடனே செலுத்தக் கூடாது. சிரிஞ்சை மெதுவாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கலந்து, சில நிமிடங்கள் அப்படியே விட்டு, பிறகு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெண்மையான கலங்கல் மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரியாக இருந்து, சிரிஞ்சை அசைக்காமல் பிடித்தாலும் தெளிந்த திரவம் ஓரத்தில் பிரியாமல் இருந்தால் கலவை தயார். வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழிகள் சேரும். அவற்றை வெளியேற்றவே கூடுதல் நேரம் போய்விடும்.

20 மில்லிலிட்டர் சிரிஞ்சில் கலவை, சிறிய சிரிஞ்சு செலுத்துவதற்கு, இரண்டுக்கும் நடுவே திரீ-வே எனப்படும் மூவழித் திருகு. பெரிய சிரிஞ்சிலிருந்து சிறியதற்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்குமிடையே ஓரிரு தடவை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிக் கலக்கிக்கொள்வது நல்லது. இந்தச் சிரிஞ்சுகளை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, எங்கள் கேத் லேபில் எம்போலைசேஷன் தொடங்கியதும் அவற்றைத் தனித் தட்டில் வைத்து, அருகில் சலைன் கிண்ணமே இல்லாதபடி செவிலியர் மேசையைப் பிரித்துவிடுவார். கோளம் ஒட்டியிருக்கும் சிரிஞ்சினால் தற்செயலாக ஷீத்தை, அதாவது தொடைத் தமனியில் கத்தீட்டர் நுழையும் உறைக்குழாயைக் கழுவிவிட்டால், அது காலுக்குப் போகும். கையுறையில் ஒட்டிய சில கோளங்கள் சலைன் கிண்ணத்தில் விழுந்தாலும் அவை எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்கு ஒழுங்கு ஒன்றே காவல்.

கத்தீட்டருக்குள் செலுத்திச் சிறு கிளைகள் வரை கொண்டுபோகும் இன்னும் மெல்லிய குழாயான மைக்ரோகத்தீட்டரைத் தேர்வதிலும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. உள்விட்டம் 0.021 அங்குலம் என்றால் அது சுமார் 530 மைக்ரான், 0.027 அங்குலம் என்றால் சுமார் 690 மைக்ரான். டிரிஸ்-அக்ரில் கோளம் அமுங்கும் என்பதால் தன்னைவிடச் சற்றுக் குறுகிய வழியிலும் நுழைந்துவிடும். ஆயினும் 700 முதல் 900 மைக்ரானுக்கு மாறும் வாய்ப்பு இருந்தால் தொடக்கத்திலேயே அகலமான கத்தீட்டரை எடுத்துவிடுங்கள். செலுத்தும்போது எதிர்ப்பு கூடினால் அதை வென்றுவிட முயலக் கூடாது. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் மிக அதிகம். அடைத்த கத்தீட்டரின் முனையிலிருந்து கோளங்கள் மொத்தமாகப் பீறிட்டு வெளிவந்தால், அவை வந்த வழியே திரும்பிப் பாயும். அந்த நிலையில் கத்தீட்டரை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பானது, செலவு கூடினாலும் சரி.

செலுத்தும் வேகத்தை இரத்த ஓட்டம்தான் தீர்மானிக்கிறது. தமனி தன் விசையிலேயே கோளங்களை எடுத்துச் செல்லும்படி விட வேண்டும்; நம் கட்டைவிரலின் விசை அதற்கு மேல் போனால் பின்னோக்கிய பாய்ச்சல் வரும். கர்ப்பப்பைத் தமனியில், கர்ப்பப்பை வாய்க்கும் யோனிக்கும் போகும் கிளையைத் தாண்டிக் கத்தீட்டர் முனையை வைத்துக்கொண்டு, ஃபுளோரோஸ்கோப்பி என்னும் ஓடும் எக்ஸ்ரே படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், துளித்துளியாக விட வேண்டும். தொடக்கத்தில் கான்ட்ராஸ்ட் ஓடி மறையும். சற்று நேரத்தில் அதன் ஓட்டம் தளரும். பிறகு ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னே போய்ப் பின்னே வரும். இந்தக் கட்டத்தில் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

நிறுத்த வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. பிவிஏயில் பழகியவர்கள் தமனி முழுவதும் அடைபட்டு ஓட்டம் அறவே நிற்கும் வரை செலுத்துவார்கள். நுண்கோளங்களில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. நார்க்கட்டியைச் சுற்றிய நுண்கிளைகள் மறைந்து, கர்ப்பப்பைத் தமனியின் தண்டு மட்டும் நிறைந்து, அதில் கான்ட்ராஸ்ட் 5 முதல் 10 இதயத் துடிப்பு வரை தேங்கிப் பிறகு மெல்ல நகர்ந்தால் போதும். அங்கே நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் எதையும் செய்யாமல் காத்திருக்க வேண்டும். கோளங்கள் இந்த நேரத்தில் தமக்குள் இடம் மாறி இன்னும் ஆழமாக நகர்கின்றன. நின்றதுபோலத் தெரிந்த ஓட்டம் பல நேரங்களில் மீண்டும் தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் செலுத்தி மறுபடியும் காத்திருக்கிறேன். அவசரப் பட்டியலில் அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது இந்த ஐந்து நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். ஆனால் சிகிச்சையின் பலன் பெரிதும் இந்த ஐந்து நிமிடத்தில் தங்கியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

இதில் ஏமாற்றக்கூடிய ஒன்று தமனிச் சுருக்கம். கத்தீட்டரும் வயரும் உரசுவதால் தமனி இறுகிக்கொள்ளும். இளம் வயதுப் பெண்களிடமும், கட்டியைச் சுருக்க ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும் இதை அடிக்கடி பார்க்கிறேன். சுருங்கிய தமனியில் கொஞ்சம் கோளங்கள் போனதுமே ஓட்டம் நின்றுவிடும், வேலை முடிந்ததுபோல் இருக்கும். மறுநாள் சுருக்கம் விலகியதும் கட்டிக்குப் பழையபடி இரத்தம் பாயும். எனவே கட்டியின் பருமனுக்குப் பொருந்தாத சிறிய அளவிலேயே ஓட்டம் நின்றால் ஐயப்பட வேண்டும். முனையைச் சற்றுப் பின்னிழுத்து, தமனியைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரினை 100 முதல் 200 மைக்ரோகிராம் கொடுத்துக் காத்திருந்து பார்ப்பேன். விலகாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கத் தமனியை முடித்துக்கொண்டு திரும்பி வருவேன்.

முடித்ததும் மைக்ரோகத்தீட்டரைக் கழுவுவதில் பலர் கவனம் தளர்கிறார்கள். அதன் நீளம் முழுவதும், சிரிஞ்சைப் பொருத்தும் பின்முனைக் கிண்ணத்திலும், இன்னும் கோளங்கள் நிறைந்திருக்கின்றன. முன்னால் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும் நிலையில் சலைனை வேகமாகத் தள்ளினால் அந்தக் கடைசிக் கோளங்களுக்குப் பின்னால் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. கர்ப்பப்பைத் தமனி புறப்படும் உள் இடுப்புத் தமனியிலிருந்துதான் சிறுநீர்ப்பைக்கும் பிட்டத் தசைக்கும் கிளைகள் போகின்றன என்பதை அந்த நொடியில் மறக்கக் கூடாது. முழுதாக அடைபடும் முன்பே நிறுத்துவதன் இன்னொரு பயன் இது: கத்தீட்டரில் எஞ்சியவற்றை ஏற்றுக்கொள்ள முன்னால் கொஞ்சம் ஓட்டம் மிச்சமிருக்கும்.

வலியைப் பற்றி ஒரு சொல். இரத்தம் நின்ற கட்டி வலிக்கும். முதல் நாள் கடுமையாகவே வலிக்கும். குமட்டலும் இலேசான காய்ச்சலும் சேரும். வலி தொடங்கிய பிறகு மருந்தைத் தேடுவதைவிட, மேசையில் இருக்கும்போதே தொடங்கிவிடுவதும், வார்டு செவிலியரிடம் அன்றிரவு என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதும் நோயாளிக்குப் பெரிய நிம்மதி. சில வாரங்களுக்குப் பிறகு வரும் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ வேறு விஷயம். அதற்கு உடனே வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தனுப்புகிறோம்.

இருமும்போது இரத்தம் கக்குபவர்களிடம் நுண்கோளத்தின் அளவு உயிர்ப் பிரச்சினையாகிறது. காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் எஞ்சிய வடுக்களிலிருந்து இரத்தம் வருவது நம் மருத்துவமனைகளில் புதிதல்ல. மூச்சுக்குழாய்த் தமனிகள் அங்கே பெருத்து, நுரையீரல் நாளங்களோடு இணைந்துகொண்டிருக்கும். அந்த இணைப்புகள் சுமார் 325 மைக்ரான் வரை அகலம் இருக்கலாம் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைவிடச் சிறிய கோளம் அந்த வழியே கடந்து இதயத்தின் இடப்பக்கத்திற்கு வந்தால், அடுத்து மூளைக்கும் போகலாம். மிகச் சிறியவை மூச்சுக்குழாய்ச் சுவரையும் உணவுக்குழாயையும் ஊட்டும் நுண்கிளைகளை அடைத்து அவற்றை அழுகவும் செய்யும். நான் இங்கே 500 மைக்ரானுக்குக் கீழே இறங்குவதில்லை.

ஒரு நோயாளியை நினைக்கிறேன். ஐம்பதைக் கடந்தவர், நேராகப் படுக்க வைத்தால் இருமல், மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் இரத்தம். இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராமை முன்பே எடுத்துவிட்டதால், எந்த மட்டத்தில் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. வலப்பக்கத்தில் விலா எலும்பிடைத் தமனியும் மூச்சுக்குழாய்த் தமனியும் ஒரே தண்டாகப் புறப்பட்டன. எலும்பை நீக்கி இரத்தக் குழாய்களை மட்டும் காட்டும் எக்ஸ்ரே படமான டிஎஸ்ஏவில், முதல் முறை, பின்னிக் கிடந்த நோய்த் தமனிகள் மட்டும் தெரிந்தன. மைக்ரோகத்தீட்டரை உள்ளே கொண்டுபோய்க் கொஞ்சம் கோளங்களைச் செலுத்திய பின், மீண்டும் ஒரு டிஎஸ்ஏ எடுத்தோம். நடுக்கோட்டை நோக்கி மேலேறி, கொண்டை ஊசி வளைவாகத் திரும்பிக் கீழே இறங்கும் மெல்லிய கோடு ஒன்று இப்போது தெரிந்தது. தண்டுவடத்தின் முன்புறத் தமனி. நோய்த் தமனிகள் இரத்தத்தையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தவரை மறைந்திருந்து, அவை அடங்கத் தொடங்கியதும் நிறைந்திருக்கிறது. அந்த இடத்தோடு நிறுத்தினோம். அது புறப்படும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் முன்னே போய்ப் பாதுகாப்பான நிலையில் முனையை வைக்க முடிந்த பிறகுதான், எஞ்சியதை மிக மெதுவாக முடித்தோம். அவ்வாறு முன்னே போக முடியாத நிலையில் துகளோ கோளமோ எதையும் செலுத்தக் கூடாது. மார்பு அறுவை சிகிச்சை மருத்துவரையும் நுரையீரல் மருத்துவரையும் அழைத்து வேறு வழி பேச வேண்டும். தண்டுவடத் தமனியை அடைத்துவிட்டால் கால்கள் செயலிழந்துவிடும். எந்த அளவுக் கோளமும் அதற்குப் பாதுகாப்பு அன்று. தொடக்கத்தில் ஒரு முறை பார்த்துவிட்டோம் என்று இருக்காமல், நடுவிலும் நின்று ஆஞ்சியோகிராமை மறுபடி பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அந்த நோயாளிக்கு இரத்தம் நின்றது. ஆனால் அடைத்ததோடு காசநோயின் வடு மறைந்துவிடாது; விலா எலும்பிடை, அக்குள், மார்பகத் தமனிகளிலிருந்து புதிய கிளைகள் வந்து சேரலாம். மறுபடியும் இரத்தம் வந்தால் எங்கே வர வேண்டும் என்பதை வீட்டாரிடம் சொல்லி அனுப்புவது சிகிச்சையின் பகுதியே.

மிகச் சிறிய கோளங்களைப் பற்றி எச்சரிக்கையாகவே எழுத வேண்டும். 2004இல், 40 முதல் 120 மைக்ரான் டிரிஸ்-அக்ரில் கோளங்களால் கல்லீரல் கட்டிகளை அடைத்தபின் நுரையீரல் பாதிப்பால் இறந்தவர்களைப் பற்றிய அறிக்கை அமெரிக்காவிலிருந்து வெளியானது. கட்டிக்குள் இருக்கும் தமனி-சிரை இணைப்புகளை அவ்வளவு சிறிய கோளங்கள் எளிதில் கடந்துவிடும். ஆகையால் எந்தக் கட்டியிலும் கோளத்தைத் திறப்பதற்கு முன், ஆஞ்சியோகிராமில் சிரை சீக்கிரமாக நிறைகிறதா என்று பொறுமையாகப் பார்க்கிறேன். நிறைந்தால் அளவைக் கூட்டுவேன். அல்லது அந்த இணைப்பை முதலில் வேறு பொருளால் மூடுவேன். முகம், தலைப் பகுதியில் நரம்புகளை ஊட்டும் நுண்தமனிகளும் தோலும் இதே காரணத்தால் ஆபத்தில் இருக்கின்றன. பிராஸ்டேட் வீக்கத்திற்குப் பிரேசிலின் கார்னிவாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட சிகிச்சையில் இன்று பெரும்பாலும் 300 முதல் 500 மைக்ரான் கோளங்களே பயன்படுகின்றன. அங்கேயும் மலக்குடல், சிறுநீர்ப்பை, ஆண்குறி ஆகியவற்றுக்குப் போகும் கிளைகளைத் தேடிப் பார்த்த பின்னரே முதல் துளி போக வேண்டும்.

செலவைத் தவிர்த்துவிட்டு நம் ஊரில் இதைப் பேச முடியாது. நுண்கோளங்கள் பிவிஏயைவிடப் பல மடங்கு விலை. 2004இல் ஸ்பைஸ் குழுவினரின் முந்தைய ஆய்வில், நார்க்கட்டிச் சிகிச்சையில் பிவிஏயும் டிரிஸ்-அக்ரில் கோளமும் நோயாளியின் நலத்தில் பெரிய வேறுபாடு காட்டவில்லை. மைக்ரோகத்தீட்டர் அடைபடுவதுதான் பிவிஏயில் கூடுதலாக இருந்தது. ஆகவே பணம் இல்லை என்ற காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பிவிஏயை நன்கு நீர்த்துக் கலந்து, பொறுமையாகச் செலுத்தினால் நல்ல பலன் கிடைக்கிறது, அந்தப் பெண்களுக்கு நான் மனநிறைவோடு அதையே செய்கிறேன். பிரசவத்திற்குப் பின் வரும் இரத்தப்போக்கில் சில வாரங்களில் கரைந்துவிடும் ஜெலட்டின் பஞ்சான ஜெல்ஃபோமே போதும். அங்கே நிரந்தரக் கோளங்களை வீணாக்கத் தேவையில்லை. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஒரு நோயாளிக்குத் திறந்த குப்பியில் எவ்வளவு மீந்தாலும் அது இன்னொருவருக்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் எந்தப் பொருள், எந்த அளவு, தொகுதி எண், பக்கத்திற்கு எத்தனை மில்லிலிட்டர், சுருக்கம் இருந்ததா, எந்த நிலையில் நிறுத்தினோம் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடுகிறேன். நார்க்கட்டி நோயாளிகளுக்கு மூன்று மாதம் கழித்துக் கான்ட்ராஸ்ட் கொடுத்து எம்ஆர்ஐ எடுக்கும்போது அந்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். கட்டி முழுவதும் இரத்தமின்றி இருந்தால் அந்த அளவும் அந்த நிறுத்துமிடமும் சரி. ஒரு பகுதி மட்டும் இன்னும் இரத்தம் ஏற்றிருந்தால், அந்தப் பக்கத்தில் சுருக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறேனா, செலுத்திய அளவு மறுபக்கத்தைவிட மிகவும் குறைவா என்று முதலில் பார்க்கிறேன். இரண்டும் இல்லையென்றால், கர்ப்பப்பையின் மேற்பகுதிக்குச் சினைப்பைத் தமனியிலிருந்து இரத்தம் வருகிறதா என்று தேட வேண்டும். அதற்குச் சிறுநீரக மட்டத்தில் பெருந்தமனியில் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தமனியை அடைப்பதானால் சினைப்பையைப் பற்றிய உரையாடலை நோயாளியுடன் முதலிலிருந்து மறுபடியும் நடத்த வேண்டியிருக்கும்.